ஆண்டுத் தேர்வில் தெரியாத மதிப்பெண்

(இராமநாதபுரத்தில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

   

தேர்வு முடிவு வெளியாகும் நாளன்று மாவட்டங்களை வரிசைப்படுத்தி ஏடுகள் பட்டியல் வெளியிடுகின்றன. 2024ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் அரியலூர் முதலிடம், சிவகங்கை இரண்டாமிடம், நமது இராமநாதபுரம் மூன்றாமிடம். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு மேல் தேறினர். 2018இல் இந்திய அரசு, வளர்ச்சியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்று நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்டவற்றைப் பொறுக்கி எடுத்தபோது தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை இரண்டு. ஒன்று விருதுநகர், மற்றொன்று இராமநாதபுரம். அப்படிப்பட்ட மாவட்டம் தேர்வில் முன்வரிசைக்கு வந்தது பெருமைக்குரியது. அந்தப் பெருமைக்கு உழைத்த ஆசிரியர்கள் இந்த அரங்கில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களை வாழ்த்துகிறேன்.

வாழ்த்திய வாயால் ஒன்று கேட்கவும் விரும்புகிறேன். தேறிய அந்தப் பிள்ளைகள் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு எங்கே இருப்பார்கள்? எந்தத் தொழிலில், என்ன வருவாயில், எத்தகைய தன்மதிப்போடு வாழ்வார்கள்? அந்தக் கணக்கை யார் எடுக்கிறார்கள்? நெல் விதைத்தவன் ஆறு மாதத்தில் பலனைக் காண்கிறான். தென்னை நட்டவன் சில ஆண்டுகள் காத்திருக்கிறான். பிள்ளைக்கு எழுத்தறிவித்தவனோ முப்பது, நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பல வேளைகளில் பலனைக் காணாமலே அவன் கண்ணை மூடிவிடுகிறான். ஆயினும் நாடாள்வோரும் அலுவலகத்தாரும், ஏன், நாமும்கூட, ஆசிரியனை அளப்பது ஏப்ரல் மாதத் தேர்வைக் கொண்டுதான்.

இதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. பாம்பன் பாலத்தைக் கடந்தால் போதும்.

1931 அக்டோபர் 15ஆம் நாள் இராமேசுவரத்தில் படகுடைமையாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் அப்துல் கலாம். ஊர்த் தொடக்கப்பள்ளியில் படித்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர்கள் இருவரைப் பற்றி அவரே எழுதியும் பேசியும் இருக்கிறார். ஒருவர், ஐந்தாம் வகுப்புக்குப் புதிதாக வந்தவர். தொப்பியணிந்த முஸ்லிம் சிறுவனும் பூணூல் அணிந்த குருக்கள் வீட்டுப் பிள்ளை இராமநாத சாஸ்திரியும் முதல் வரிசையில் ஒன்றாக அமர்ந்திருப்பதை அவர் கண் பொறுக்கவில்லை. கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். இரண்டு பிள்ளைகளும் கலங்கினர். செய்தி வீட்டுக்குப் போயிற்று. கோயிலின் தலைமைக் குருக்களான இலட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரை வரவழைத்து, பிஞ்சு நெஞ்சங்களில் நஞ்சை விதைக்காதீர் என்னும் கருத்துப்படக் கண்டித்தார். ஆசிரியர் வருந்தினார், திருந்தவும் செய்தார்.

மற்றொருவர், அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர். பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பதை அவர் குற்றமாகக் கொள்ளவில்லை. அன்று மாலையே எல்லோரையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, எழும்பும் பறவையின் சிறகையும் வாலையும் காட்டினார். கலாம் தம் வாழ்வின் திசை அந்த மாலையில் தீர்ந்தது என்று பிற்காலத்தில் பன்முறை சொன்னார். அதே ஆசிரியர் அந்தச் சிறுவனைத் தம் வீட்டுக்கு உணவுக்கு அழைத்தார். ஆசாரத்தில் ஊறிய மனைவியார் பரிமாற மறுத்தபோது தாமே பரிமாறி, அருகில் அமர்ந்து உண்டார். மறுவாரமும் அழைத்தார், அந்த முறை அம்மையாரே பரிமாறினார்.

தோழர்களே, இவை நடந்தது 1940களின் தொடக்கம். இந்தியாவின் எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி, கலாமைத் திட்ட இயக்குநராகக் கொண்டு, ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது 1980 ஜூலை 18ஆம் நாள். இடையே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள்! கடற்கரையில் பறவையைக் காட்டிய அந்த மாலைக்கு அந்த ஆண்டின் பரிசோதனை அறிக்கையில் எந்தக் கட்டத்தில் எத்தனை மதிப்பெண் இட்டிருப்பார் ஓர் ஆய்வாளர்? பாடத்திட்டத்தை விட்டு விலகினார் என்று குறிப்பெழுதாமல் இருந்தாலே பெரிது.

கடைசி வரிசையையும் மறந்துவிடாதீர்கள். ஆசிரியன் செய்த நன்மை நாற்பது ஆண்டு நிலைக்குமென்றால் தீமையும் நாற்பது ஆண்டு நிலைக்கும். கலாமுக்காகப் பேச ஊரில் மதிப்புள்ள ஒரு குருக்கள் இருந்தார். பேச ஆளில்லாமல் கடைசி வரிசையிலேயே இருந்துவிட்ட பிள்ளைகளின் கதையை எழுத எவரும் இல்லை. அவர்கள் நூல் எழுதும் நிலைக்கு வரவில்லை. அதுவே அந்த வரிசையின் விளைவு.

"ஒருவரை வைத்து ஊரை அளக்கலாமா? அதே பள்ளியில் படித்த மற்றவர்கள் குடியரசுத் தலைவராகவில்லையே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கலாமின் வெற்றி முழுவதையும் பள்ளியின் கணக்கில் எழுத நான் வரவில்லை. மகனை ஊரைவிட்டு அனுப்பத் துணிந்த தந்தை இருந்தார். சென்னையில் பொறியியல் படிக்கப் பணம் வேண்டியிருந்தபோது தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்த தமக்கை இருந்தார். இராமநாதபுரம் சுவார்ட்சு உயர்நிலைப் பள்ளியில், விரும்பு, நம்பு, எதிர்நோக்கு என்று ஊக்கிய அய்யாத்துரை சாலமோன் இருந்தார். 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய செர்மானியப் பாதிரியார் சுவார்ட்சின் பெயரைத் தாங்கிய பள்ளி அது. ஒரு பள்ளி தலைமுறை தலைமுறையாக என்ன செய்யும் என்பதற்கு அதுவே தனி வரலாறு. வீடும் வேண்டும், பள்ளியும் வேண்டும், துணை நிற்பாரும் வேண்டும். எனினும், வீட்டின் செல்வத்தை நாம் சட்டம் போட்டு உயர்த்த முடியாது. வகுப்பறைக்குள் யார் நிற்கிறார் என்பதை மட்டும் அரசு தீர்மானிக்க முடியும்.

ஒருவர் கதை போதாதென்றால் இலட்சக்கணக்கானோர் கணக்கைச் சொல்கிறேன். தமிழகத்தைப் பூர்விகமாகக் கொண்ட பெற்றோருக்கு டில்லியில் பிறந்து அமெரிக்காவில் வாழும் பொருளியல் அறிஞர் ராஜ் செட்டியும் அவர் நண்பர்கள் இருவரும், அமெரிக்கப் பெருநகர் ஒன்றின் பள்ளிகளில் பயின்ற சுமார் 25 இலட்சம் பிள்ளைகளின் ஏடுகளைப் பெரியவர்களான பின் அவர்கள் கட்டிய வரிக் கணக்கோடு ஒப்பிட்டு 2014இல் ஆய்வு வெளியிட்டனர். நல்ல ஆசிரியரிடம் ஓராண்டு பயின்றவர்கள் கல்லூரிக்குப் போவது கூடியது. 28 வயதில் அவர்களின் வருவாயும் கூடியிருந்தது. ஒரே ஓராண்டு!

இதைவிட வியப்பானது டென்னசி மாநிலத்துச் சோதனை. 1985 முதல் நான்காண்டு, சுமார் 11,500 குழந்தைகளைச் சிறிய வகுப்பு, பெரிய வகுப்பு என்று சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்து அமர்த்தினர். பாலர் வகுப்பில் நல்ல அறை வாய்த்த குழந்தைகள் முதலில் மதிப்பெண்ணில் முந்தினர். சில ஆண்டுகளில் அந்த முந்தல் தேய்ந்து, ஏறக்குறைய மறைந்தே போயிற்று. பார்த்தவர்கள், "செலவு வீண்" என்றனர். பிள்ளைகள் வளர்ந்து 27 வயதானபோது கணக்கெடுத்தால், மறைந்த பயன் வருவாயில் மறுபடியும் தலைகாட்டியது! தேர்வுத்தாளுக்குத் தெரியாத ஏதோ ஒன்றை அந்த ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தனர்: பொறுமையாக அமர்தல், முயற்சி கைவிடாமை, பிறரோடு ஒத்துழைத்தல். வைகை ஆற்று மணலில் நீர் மறைவதைப் பார்த்திருக்கிறீர்கள். மேலே வறண்டு கிடக்கும். ஊற்றுத் தோண்டினால் கீழே நீர் இருக்கும்.

இந்த அளவுகோலை எடுத்துத் தனி ஆசிரியர் ஒருவரின் தலைமேல் கத்தியாகத் தொங்கவிடுவோரும் உண்டு. அது தவறு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அமெரிக்கப் புள்ளியியலாளர் சங்கமே 2014இல் அந்த ஆபத்தைக் குறித்து எச்சரித்தது. இலட்சம் பேரைச் சேர்த்துப் பார்க்கையில் தெளிவாகத் தெரிவது, நாற்பது பேர் கொண்ட ஒரு வகுப்பில் தெரிந்துவிடாது.

இனி நம் நாட்டு அரசியலுக்கு வருகிறேன். 1953இல் சென்னை மாகாணத்தில் ஒரு திட்டம் வந்தது. கிராமத் தொடக்கப்பள்ளிப் பிள்ளை அரை நாள் பள்ளியில் படிக்கட்டும், மறு அரை நாள் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டு எதிர்த்தனர். 1954இல் அது கைவிடப்பட்டது. அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் இந்தக் கடற்கரையில் அதன் பொருள் என்ன? வலை இழுப்பவர் மகன் பிற்பகலெல்லாம் வலை இழுத்திருப்பான். படகுக்காரர் மகன் படகோடு நின்றிருப்பான். கலாம் அதற்கு முன்பே பள்ளிப் படிப்பை முடித்தவர். ஆனால் அவருக்குப் பின் வந்த ஆயிரமாயிரம் பேரின் பிற்பகல்கள் காப்பாற்றப்பட்டன. அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த விருதுநகரில் பிறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட காமராசர் முதலமைச்சரானார். நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக உடன் நின்றார். 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. அந்த உணவின் பயனை 1957ஆம் ஆண்டின் தேர்வு முடிவில் தேடியிருந்தால் கிடைத்திருக்குமா? அதை உண்ட பிள்ளைகள் ஆசிரியரும் மருத்துவரும் பொறியாளருமாகி, தம் பிள்ளைகளைப் படிக்க வைத்தபோதுதான் அது தெரிந்தது. 1982இல் சத்துணவாக அது விரிந்தது; 2022இல் காலை உணவும் சேர்ந்தது.

வயிற்றுக்கு வழி செய்தோம். வகுப்பறைக்கு ஆசிரியரை என்ன முறையில் அனுப்புகிறோம்? இந்த இடத்தில் சற்றுக் கசப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. "தண்ணீரில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்று மேலதிகாரி கீழதிகாரியை மிரட்டும் பேச்சு தமிழ்நாடு முழுதும் உண்டு. திரைப்படங்களில்கூட வருகிறது, மக்கள் சிரிக்கின்றனர். அந்தக் காடு எது தெரியுமா? இராமநாதபுரந்தான்! காவிரி நீர் குழாய் வழியாக இங்கு வந்து சேர்ந்துவிட்டது. அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. ஒரு மாவட்டத்தைத் தண்டனைக் களமாக வைத்திருந்தால் அங்கே வருபவர் எந்த மனத்தோடு வருவார்? வந்த நாளிலிருந்து மாறுதல் கலந்தாய்வை எண்ணிக்கொண்டிருப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். குடியிருக்க நல்ல வீடு இல்லாத கடலோரச் சிற்றூர், பெற்றோரும் பிள்ளைகளும் நூறு கல் தொலைவில். யாராயிருந்தாலும் அப்படித்தான் எண்ணுவர். ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைக்கு ஐந்து வகுப்புக்குள் ஐந்து முகங்கள் மாறிவிடுகின்றன. பெயர் சொல்லி அழைக்கப் பழகுமுன் ஆசிரியர் போய்விடுகிறார். ஈராசிரியர் பள்ளியானால், ஒருவர் அலுவல் நிமித்தம் வெளியே போன நாளில் ஐந்து வகுப்புக்கும் ஒருவரே.

கடலின் அழைப்போ ஓய்வதில்லை. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பெரும்பாலும் அதே நாட்களில்தான் பள்ளிக்கும் கோடை விடுமுறை. ஜூனில் பள்ளி திறக்கிறது. அதே மாதத்தில் படகும் புறப்படுகிறது. இரண்டும் ஒரே வேளையில் பையனைக் கூப்பிடுகின்றன. தகப்பனை இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்று, படகும் பறிபோன வீடாயிருந்தால் அந்தப் பையனின் கால் எந்தப் பக்கம் நடக்கும்? தாய் பாசி எடுக்கத் தீவோரம் போகிறாள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த மகள் வீட்டில் நிற்கிறாள். அவர்களை வகுப்பறைக்கு இழுத்து வரும் ஆற்றல் சட்டத்துக்கு ஓரளவுதான் உண்டு. "நீ வராவிட்டால் எனக்கு வகுப்பு நிறையாது" என்று வீட்டு வாசலில் வந்து நின்று சொல்லும் ஆசிரியருக்கு அது மிகுதி. அவர் அந்த ஊரில் நாலைந்து ஆண்டாவது இருந்தால்தான் எந்த வீட்டு வாசல் என்பது அவருக்குத் தெரியும்.

போனது போனதுதான் என்று சோர்ந்துவிடவும் வேண்டாம். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபின் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளை வீடு தேடிச் சென்று ஆராய்ந்தனர். 2021 டிசம்பரில் அவர்களின் கல்வி பெரிதும் பின்தங்கிக் கிடந்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டனர். அந்த மீட்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, மாலை வேளைகளில் தெருத் திண்ணையிலும் வீட்டு முற்றத்திலும் நடந்த இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. நடத்தியவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள். உள்ளூர்க்காரி எங்கும் மாறுதல் கேட்கமாட்டாள் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே நான் கேட்பது பெரிய மாளிகைகள் அல்ல. கடலோரப் பள்ளியை எவருக்கும் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். விரும்பி வருவோருக்கு வீடு கொடுங்கள். ஊதியத்தில் சிறிது கூட்டிக் கொடுங்கள். ஐந்தாண்டு இருக்கச் சொல்லுங்கள். தேர்ந்த ஆசிரியரைப் பத்தாம் வகுப்புக்கே ஒதுக்கி, புதியவரை ஒன்றாம் வகுப்பில் தள்ளும் வழக்கத்தையும் மாற்றுங்கள்.

ஆசிரியப் பெருமக்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒவ்வொரு பள்ளியிலும் பழைய சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது. இருபது ஆண்டுக்கு முன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களின் பெயர்களை அதிலிருந்து எழுதிக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர்களை உடன் வைத்துக்கொண்டு, அவர்கள் இப்போது எங்கே, என்ன தொழில், எந்த வகுப்பில் நின்றனர், எந்த ஆசிரியரை நினைவு கூர்கின்றனர் என்று கேட்டுக் குறியுங்கள். சிலர் வளைகுடா நாட்டில் இருப்பர், சிலர் படகில், பெண்கள் மணமாகி வேறு ஊர்களில் இருப்பர். எல்லோரும் கிடைக்கமாட்டார்கள், கிடைத்தவரை போதும். மண்டபம், திருப்புல்லாணி, கடலாடி ஒன்றியங்களில் ஒன்றுக்கு இரண்டு பள்ளிகளாகத் தொடங்கலாம். வரும் கோடை விடுமுறையில், படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாட்களில் வீட்டுக்கு வீடு ஆள் இருப்பார்கள். அதுவே இதற்கு ஏற்ற காலம்.