விதைக்கும் முன் ஒரு கணக்கு

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் திருத்தங்கல் பகுதி வேளாண்மை அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



புரட்டாசி பிறந்துவிட்டால் நம்ம திருத்தங்கல், சிவகாசிப் பக்கத்தில் இரண்டு வேலைகள் ஒன்றாக வந்து சேரும். ஒரு பக்கம் கரிசல் புஞ்சையில் விதைப்பு. இன்னொரு பக்கம் வெடி ஆபீஸில் தீபாவளிச் சரக்கு. காட்டுக்கு ஆள் கிடைக்காது. அந்த அவசரத்தில், போன வருஷம் எது நல்ல விலைக்குப் போச்சோ அதையே இந்த வருஷமும் முழுக் காட்டிலும் போட்டுவிடுகிறோம். விதைப் பையைப் பிரிக்கும் முன்னால் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இன்று வந்திருக்கிறேன். ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தால் போதும்.

2018 சொல்லிக் கொடுத்த பாடம்

மக்காச்சோளம் நல்ல பயிர்தான். கோழித் தீவனத்துக்குத் தேவை இருக்கிறது, விற்பனையும் சுலபம். நானே ஊர் ஊராகப் போய் "போடுங்க" என்று சொன்னவன். என் பேச்சைக் கேட்டு ஒரு சம்சாரி 2018-ஆம் வருஷம் தன் 5 ஏக்கரிலும் மக்காச்சோளம் போட்டார். வீட்டம்மா நகையை அடகு வைத்துத்தான் விதையும் உரமும் வாங்கினார்.

அந்த வருஷம் மே மாதம் கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்ட அமெரிக்கப் படைப்புழு, அதே பருவத்தில் நம்ம காட்டுக்கும் வந்துவிட்டது. குருத்தைப் பிரித்தால் உள்ளே புழு. மரத்தூள் கொட்டினது மாதிரி அதன் எச்சம். மருந்து அடித்தாலும் குருத்துக்குள் இருக்கிற புழுவுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை.

சரி, வீட்டம்மா வெடி ஆபீஸுக்குப் போகிறாரே, வாரச் சம்பளம் வருமே என்று நினைத்தோம். அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. நவம்பர் முதல் ஆலைகள் பல மாதங்கள் மூடிக் கிடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். காடும் போச்சு, கூலியும் போச்சு. அவர் என்னிடம் வந்து கேட்டார்:

"சார், மக்காச்சோளம் போடச் சொன்னீங்க, போட்டேன். அது போச்சுன்னா என்ன செய்யணும்னு சொல்லலையே?"

"தப்புதான் அண்ணாச்சி" என்றேன். வேறு என்ன சொல்வது? நகையை மீட்க அவருக்கு மூன்று வருஷம் ஆனது.

பக்கத்துக் காட்டுக்காரருக்கும் 5 ஏக்கர்தான். அவர் 2 ஏக்கரில் மட்டும் மக்காச்சோளம் போட்டிருந்தார். மீதியில் சோளமும் ஊடுபயிராக உளுந்தும். அவர் மக்காச்சோளத்தையும் புழு விடவில்லை. ஆனாலும் உளுந்து விற்ற பணத்தில் கடன் தவணையைக் கட்டினார். சோளத்தட்டை மாட்டுக்கு ஆச்சு. வெடி ஆபீஸ் மூடியிருந்த நாளிலும் பால் காசு வந்தது. அவருக்கும் நட்டம்தான், குடும்பம் மட்டும் சாயவில்லை.

எவ்வளவு போனால் தாங்கும்?

நம்ம மாவட்டத்தில் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பாதி வடகிழக்குப் பருவமழையை நம்பியது. மழை பிந்தும், நடுவில் இருபது நாள் நின்றுபோகும், அறுப்பு நேரத்தில் கொட்டும். இதோடு பூச்சி, விலைச் சரிவு, வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போவது எல்லாம் உண்டு. இதில் எது, எந்த வருஷம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்தப் பருவம் முழுசாகப் போனால் என் குடும்பம் எவ்வளவு ரூபாய் வரை தாங்கும்?

நோட்டை எடுங்கள். மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு 15,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். 5 ஏக்கருக்கு 75,000. கையில் இருப்பது 30,000 என்றால் மீதி 45,000 கடன். அதையே மாற்றிப் போடுங்கள். மக்காச்சோளம் 2 ஏக்கர், 30,000. சோளமும் உளுந்தும் 2 ஏக்கர், ஏக்கருக்கு 8,000 வீதம் 16,000. குதிரைவாலி 1 ஏக்கர், 6,000. மொத்தம் 52,000, கடன் 22,000 மட்டுமே. நல்ல வருஷத்தில் லாபம் கொஞ்சம் குறையலாம். கெட்ட வருஷத்தில் நகை வீட்டில் இருக்கும். உங்கள் ஊர்ச் செலவுக்கு ஏற்றபடி எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

இது புதுச் சங்கதி இல்லை. பருத்திக்கு நடுவில் உளுந்து, சோளத்தோடு தட்டைப்பயறு என்று நம்ம பாட்டன் பூட்டன் செய்ததுதான். 1901 முதல் இயங்கிவரும் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையமும் மானாவாரிக்கு இந்த வழியைத்தான் சொல்கிறது. மழைக்கு முந்தி விதைக்கிறவர்கள் சோள விதையைக் கடினப்படுத்தி, 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். தூறலுக்கு முளைத்துக் கருகாமல், நல்ல மழைக்குத்தான் முளைக்கும். மக்காச்சோளம் போடுகிறவர்கள் கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடுங்கள். வரப்போரம் தட்டைப்பயறு அல்லது எள் விதையுங்கள்.

காப்பீடு: எது கிடைக்கும், எது கிடைக்காது?

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016 முதல் நடக்கிறது. ராபி பருவத் தானியம், பயறு, எண்ணெய்வித்துக்குக் காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்தான் நம்ம பங்கு. பருத்தி, மிளகாய்க்கு 5 ரூபாய். மீதியை அரசு கட்டுகிறது. ஏக்கருக்கு 30,000 ரூபாய் காப்பீடு என்றால் மக்காச்சோளத்துக்கு 450 ரூபாய். வங்கியில் பயிர்க்கடன் வாங்கியிருந்தாலும், 2020 முதல் இது விருப்பத்தின் பேரில்தான். ஆகவே, சேர்த்துவிட்டார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மகசூல் இழப்பை உங்கள் ஒரு காட்டை வைத்துக் கணக்கிடுவதில்லை. கிராமம் அல்லது பிர்கா முழுவதற்கும் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்திச் சராசரி எடுக்கிறார்கள். கடந்த 7 வருஷத்தில் நல்ல 5 வருஷத்துச் சராசரி ஏக்கருக்கு 20 குவிண்டால், உத்தரவாதம் 80 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், எல்லை 16 குவிண்டால். பிர்காவில் 12 குவிண்டால்தான் விளைந்தது என்றால் நாலில் ஒரு பங்கு குறைவு. 30,000-க்கு 7,500 ரூபாய் வரும். பிர்கா நன்றாக விளைந்து உங்கள் காடு மட்டும் கெட்டால் இந்த வகையில் பணம் வராது. "ஏமாத்திட்டாங்க சார்" என்று பலர் வருத்தப்படுவது இது தெரியாததால்தான். காப்பீட்டை மட்டும் நம்பாமல் பயிரையும் பிரித்துப் போடச் சொல்வது இதற்காகத்தான்.

ஆலங்கட்டி மழை போன்ற இடத்தளவு சேதத்துக்கும், அறுத்துக் காட்டில் காயப் போட்ட கதிர் 14 நாளுக்குள் புயல், பருவம் தவறிய மழையில் கெட்டாலும் தனிப்பட்ட முறையில் கேட்கலாம். 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணில் சொல்லிவிட வேண்டும். நாலாம் நாள் வந்தால் நானும் ஒன்றும் செய்ய முடியாது. அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். அடங்கலில் உள்ள பயிரும் காட்டில் உள்ள பயிரும் ஒன்றாக இருக்கட்டும்.

கூலியும் ஒரு வெள்ளாமை

மழை பெய்தால் வெடி காயாது, ஆபீஸில் வேலை குறையும், காடு செழிக்கும். வெயில் காய்ந்தால் காடு வாடும், ஆபீஸ் ஓடும். இப்படி ஒன்றை ஒன்று தாங்கித்தான் நம்ம பக்கத்துக் குடும்பங்கள் பிழைக்கின்றன. ஆனால் 2018-ல் இரண்டும் சேர்ந்து விழுந்தன. ஆகவே மூன்றாவதாக ஒரு ஊன்றுகோல் வேண்டும். இரண்டு ஆடோ ஒரு கறவையோ வளருங்கள். ஆபீஸ் ஓடும் மாதங்களில் சம்பளத்தில் ஒரு பகுதியை அம்மாமார்கள் மகளிர் குழுவில் போட்டு வையுங்கள். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. அது இருக்க, மாத வட்டிக்குப் போகாதீர்கள். விலை சரிந்த நாளில், காய்ந்த தானியத்தை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இருப்பு வைத்து அதன் பேரில் கடன் வாங்கலாம்.

இன்று ராத்திரி வீட்டில் கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து அந்த நோட்டில் எழுதுங்கள். செலவு எவ்வளவு, கடன் எவ்வளவு, போனால் எங்கிருந்து கட்டுவது. மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் மறுநாள் விதைக் கடைக்குப் போகாதீர்கள். வேளாண்மை அலுவலகத்துக்கு வாருங்கள். அண்ணாச்சி அன்று கேட்ட கேள்விக்கு, இப்போது விதைக்கும் முன்னாலேயே பதில் சொல்லக் காத்திருக்கிறேன்.