மின்சார வண்டியா, பெட்ரோல் வண்டியா? வேலைக்குச் செல்லும் செலவு யார் தலையில்?

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருவனந்தபுரம் மேடும் பள்ளமுமான நகரம். தம்பானூரிலிருந்து பட்டம், கேசவதாசபுரம், உள்ளூர், ஸ்ரீகாரியம் வழியாகக் கழக்கூட்டம் டெக்னோபார்க் வரை செல்லும் சாலையில் ஏற்ற இறக்கங்களுக்குக் குறைவில்லை. மிதிவண்டியில் அவ்வளவு தூரம் செல்லும் தொழிலாளி, வேலை தொடங்கும் முன்பே களைத்துவிடுவார். எனவே பலருக்கும் எஞ்சுவது ஒரே கேள்வி: பெட்ரோல் வண்டியா, மின்சார வண்டியா? விளம்பரங்கள் இதைத் தனிநபர் விருப்பமாகக் காட்டுகின்றன. உண்மையில் இது கூலி பற்றிய கேள்வி. வேலைக்குச் சென்று திரும்பும் செலவு, தொழிலாளி கையில் பெறும் கூலியிலிருந்து கழிகிறது. அச்செலவை முதலாளி ஏற்பதில்லை.

முதலில் கணக்கைப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்குப் போக வர 20 கி.மீ., மாதம் 25 நாள் என்றால் 500 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ. ஓடும் ஸ்கூட்டருக்குச் சுமார் 11 லிட்டர் பெட்ரோல் தேவை. லிட்டர் ரூ.107 என்று கொண்டால் ஏறத்தாழ ரூ.1,180. அதே தூரத்துக்கு மின்சார ஸ்கூட்டர் 20 யூனிட் மின்சாரம் எடுக்கும், யூனிட் ரூ.7 என்றாலும் ரூ.140தான். மாதம் ரூ.1,000 மிச்சம். சாதாரணத் தொழிலாளிக்கு இது சிறு தொகையன்று.

ஆனால் கணக்கு இத்துடன் முடிவதில்லை. ரொக்கமாக வாங்க இயலாதவர் கடனில் வாங்குகிறார். பெட்ரோல் பங்கில் கொடுத்துவந்த பணம் மாதத் தவணையாக நிதி நிறுவனத்துக்குப் போகிறது. உத்தரவாதக் காலம் முடிந்தபின் பேட்டரி பழுதானால், புதியதை வாங்கப் பல ஆயிரம் ரூபாய் ஒரே நேரத்தில் வேண்டும். வாடகை வீட்டின் மாடியில் குடியிருப்பவருக்கு வண்டி நிற்கும் இடத்தில் பிளக் பாயிண்ட் இருக்காது. கேரளத்தில் வீட்டு மின்சாரம் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால், முதல் யூனிட்டிலிருந்தே உயர்ந்த கட்டணம் விதிக்கப்படுகிறது. அந்த எல்லையை ஒட்டி நிற்கும் குடும்பத்துக்கு இந்த 20 யூனிட்டும் பாரமாகும்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. மோட்டார் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாக உள்ள மின்வண்டிக்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. வேகத்தைக் கூட்டிவிட்ட வண்டிக்கு இந்த விலக்கு பொருந்தாது. விபத்து நேர்ந்தால் காப்பீடு இல்லாத அந்த வண்டியின் சுமை முழுவதும் வாங்கிய தொழிலாளியின் மேல்தான் விழும்.

அரசின் கொள்கை என்ன செய்தது? 2020இல் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது, ஒன்றிய அரசு பெட்ரோல் மீதான கலால் வரியை இரு தவணைகளில் லிட்டருக்கு ரூ.13 உயர்த்தியது. விலைச் சரிவின் பயன் மக்களைச் சேரவில்லை. மாற்றாகச் சொல்லப்பட்ட மின்வாகனத்துக்கான மானியமோ தேய்ந்துகொண்டே வந்தது. பேட்டரித் திறனில் ஒரு கிலோவாட் மணிக்கு 2021 ஜூனில் ரூ.15,000 ஆக இருந்தது, 2023 ஜூனில் ரூ.10,000, 2024 ஏப்ரலில் ரூ.5,000, 2025 ஏப்ரலில் ரூ.2,500 எனச் சுருங்கியது. முதலில் வாங்க வசதி படைத்தவர் முழு மானியம் பெற்றார். பணம் சேர்த்துப் பின்னால் வரும் தொழிலாளிக்கு மிச்சம் மீதிதான். 2019 ஆகஸ்ட் முதல் மின்வாகனத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஏழையின் மிதிவண்டிக்கோ 2025 செப்டம்பர் 21 வரை 12 சதவீதம்!

மாற்று வழி இல்லாமலில்லை. நெய்யாற்றின்கரை அருகே ஆராலுமூட்டில் இயங்கும் பொதுத்துறை நிறுவனமான கேரளா ஆட்டோமொபைல்ஸ் 2019இல் 'நீம் ஜி' மின்ஆட்டோவைக் கொண்டுவந்தது. கேரள மின்வாரியம் மின்கம்பங்களிலேயே இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு மின்னேற்றும் முனைகளைப் பொருத்தியது. வீட்டில் பிளக் பாயிண்ட் இல்லாதவருக்கு இத்தகைய பொது ஏற்பாடே கதி. 2021 நவம்பரில் தொடங்கிய நகரச் சுற்றுப் பேருந்து சேவையில் 2022 ஆகஸ்டில் மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின; அப்போது கட்டணம் பத்து ரூபாய். 2024 தொடக்கத்தில் இப்பேருந்துகள் லாபமா, நஷ்டமா என்ற விவாதம் எழுந்தது. பேருந்தின் பயனை டிக்கெட் வசூலால் மட்டும் அளக்க முடியாது. ஒரு வண்டி மட்டுமே உள்ள வீட்டில் பெரும்பாலும் ஆண்தான் அதை எடுத்துச் செல்கிறார். வீட்டுவேலைக்கும் கடை வேலைக்கும் செல்லும் பெண் பேருந்தையே நம்பியிருக்கிறார். அவருடைய கணக்கில் பெட்ரோலும் இல்லை, பேட்டரியும் இல்லை.

ஆகவே கேட்பவருக்குத் தெளிவாகச் சொல்லலாம். நாள்தோறும் நெடுந்தூரம் சென்று, மின்னேற்ற இடமும் பேட்டரிக்கு நீண்ட உத்தரவாதமும் உள்ளவர் மின்சார வண்டியை வாங்கட்டும். சமதளத்தில் நாலைந்து கி.மீ. செல்பவருக்கு மிதிவண்டியே போதும். மின்னேற்ற வழியில்லாதவர் கடன் வாங்கி அவசரப்பட வேண்டியதில்லை.

ஆனால் வண்டியை மாற்றுவதால் மட்டும் சுமை மாறிவிடாது. தெருவுக்குத் தெரு பொது மின்னேற்ற முனை, கூட்டுறவு வங்கிகளில் குறைந்த வட்டிக் கடன், பணியிடத்தில் இலவச மின்னேற்றம், பயணப்படி, அதிகாலையிலும் இரவிலும் ஓடும் பேருந்து ஆகிய கோரிக்கைகளைத் தொழிற்சங்கங்கள் கையில் எடுக்க வேண்டும். தொழிலாளி வேலைக்கு வருவதால் லாபம் அடைபவர், அவர் வந்து சேரும் செலவிலும் பங்கேற்கட்டும்!