நூறு கோடியில் ஒரு பங்கு



பொற்கொல்லர் உரைகல்லில் பொன்னை உரைத்து மாற்றுக் காண்பதை நாம் அறிவோம். நகைக்கு அது உதவும்; இன்றைய தொழிலுக்குப் போதாது. சூரிய மின்கலங்களில் வெள்ளிப் பொடி குழம்பாகப் பூசப்படுகிறது. வாகனப் புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பயன்படுகின்றன. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995-ஆம் ஆண்டில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அவ்வினையூக்கி கட்டாயமானபோது, ஈயமில்லாப் பெட்ரோலும் உடன் வந்தது. ஈயம் சிறிது சேரினும் வினையூக்கி செயலிழந்துவிடும் என்பதே காரணம்.

கட்டியைவிடப் பொடிக்கு மேற்பரப்பு மிகுதி. ஆதலால் அரைக்கும் கலத்திலிருந்தும் காற்றிலிருந்தும் அயற்பொருள் எளிதில் ஒட்டிக்கொள்ளும். 99.99 விழுக்காடு தூய வெள்ளியிலும், கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரை மாசு இருக்கலாம். அம்மாசுகளை ஒவ்வொன்றாக அளந்து, கூட்டி, நூறிலிருந்து கழித்தே தூய்மையைக் கணிக்கின்றனர்.

இதற்குரிய கருவி நிறை நிறமாலைமானி. இதன் முன்னோடியை 1919-ஆம் ஆண்டில் அமைத்த ஆங்கில அறிஞர் ஆஸ்டன், 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். இன்று வெள்ளிப் பொடியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, நுண்துளிகளாக்கி, ஆர்கான் பிளாஸ்மாவில் செலுத்துகின்றனர். பல்லாயிரம் பாகை வெப்பத்தில் அணுக்கள் அயனிகளாகின்றன. வெற்றிடத்தில் அவை நிறைவாரியாகப் பிரிக்கப்பட்டு எண்ணப்படுகின்றன. கரைசலில் நூறு கோடியில் ஒரு பங்கும் தப்பாது. கரைக்காமலே, திண்மப் பொருளை மின்னிறக்கத்தால் ஆராயும் முறையும் உண்டு. ஐதராபாத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த தேசிய ஆய்வு மையத்தில் அம்முறையால் உயர்தூய்மைப் பொருள்களை ஆராய்கின்றனர்.

எனினும் கருவி காட்டுவதை அப்படியே ஏற்கலாகாது. இரும்பின் நிறை எண் 56. ஆர்கான் 40, ஆக்சிஜன் 16 இரண்டும் இணைந்த அயனிக்கும் அதே 56! இரும்பு இல்லாவிடத்தும் இருப்பதுபோல் தோன்றும். அமிலத்திலும் கலத்திலும் உள்ள மாசும் பொடியின் கணக்கில் ஏறிவிடும். ஆகவே ஆய்வாளர், பொடி சேராத வெற்றுக் கரைசலையும் அதே வழியில் அளக்கிறார். தம் கலம் தூயதா என்று முதலில் சோதித்த பின்னரே பொடியின்மேல் குறை சொல்கிறார்.

சோதியாமலே, பிறப்பைக் கொண்டு மனிதர்மேல் மாசு கற்பித்த வழக்கத்தை நாம் அறிவோம். அதற்கு நேர்மாறான நெறி இது. சான்றின்றி மாசு என்று சொல்ல இங்கு எவருக்கும் உரிமையில்லை.

இளைஞர்களே! வேதியியல் கடினமென்று பள்ளியிலேயே கைவிடாதீர்கள். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத் தொழிற்சாலைகளில் நம்மவர் உழைத்தது கையால். இனி, ஆய்வுச் சான்றிதழின் அடியில் நம் பிள்ளைகளின் கையொப்பமும் இருக்க வேண்டும். பெற்றோரும் சங்கமும் அதற்குத் துணை நிற்க வேண்டுகிறேன்.