ஜாமீன்தாரின் நிலம்

வழக்கில் தோற்றவர் மேல்முறையீடு செய்கிறார். அது முடியும்வரை டிக்ரியை நிறைவேற்றாதபடி தடையுத்தரவும் வேண்டுகிறார். இடையில் அவருடைய சொத்து கரைந்துவிட்டால் வென்றவர் கதி என்ன? ஆகவே நீதிமன்றம் ஜாமீன் கேட்கிறது. நண்பரொருவர் தம் நிலத்தை ஈடுகாட்டிப் பத்திரம் எழுதித் தருகிறார். மேல்முறையீடும் தோற்றால், அந்நிலத்திலிருந்து பணம் பெறுவது எவ்வாறு?

எளிதென்றே தோன்றும். 1908ஆம் ஆண்டுச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 145ஆம் பிரிவு, தனி வழக்கின்றி, அறிவிப்புக் கொடுத்து, ஜாமீன்தார் மீதே டிக்ரியை நிறைவேற்றலாம் என்றது. ஆனால், அவர் தம்மைச் சொந்தமுறையில் பொறுப்பாக்கிக்கொண்ட அளவுக்கே அது செல்லும். நிலத்தை மட்டும் ஈடுவைத்தவரை அப்பிரிவு எட்டவில்லை.

வடநாட்டு அவுத் பகுதியில் எழுந்த இத்தகைய ஜாமீன் வழக்கொன்று 1919இல் பிரிவி கவுன்சிலில் முடிவாயிற்று. பத்திரம் நீதிமன்றத்துக்கு எழுதப்பட்டிருந்தது. நீதிமன்றமோ சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளன்று. அது வழக்கிடவும் இயலாது, பத்திரத்தைப் பிறருக்கு மாற்றித் தரவும் இயலாது. பொறுப்பு உண்டு, கேட்பாரில்லை! விசித்திரமான நிலைதான். ஜாமீன்தாரையும் கட்சியாகச் சேர்த்து அதே வழக்கில் மனுச் செய்யலாம், குறித்த நாளுக்குள் அவர் பணம் கட்டாவிடில் நிலத்தை விற்க உத்தரவிடலாம் என்று கவுன்சில் வழி கண்டது. ஜாமீன்தாருக்கும் அதில் ஒரு தவணை கிடைத்ததைக் கவனியுங்கள். ஈடான சொத்தை விற்கலாமென்ற விதி, 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அப்பிரிவிலேயே இடம்பெற்றது.