மலையோட்டமும் நமது பொறுப்பும்

(காரைக்காலில் நடைபெற்ற கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



ஆற்றங்கரையை விட்டால் ஏறுவதற்கு மேடான இடமே இல்லாத நமது காரைக்காலில் மலையோட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிலர் புன்னகை செய்வதையும் காண்கிறோம். ஆனால் நமது வாலிபர் சங்கத்தினர் மேற்கு மலைப்பகுதியில் ஓர் ஓட்டப் பந்தயம் நடத்த உதவி கோரி மனுக் கொடுத்திருக்கிறார்கள். ஓடப் போகிறவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள்.

சீன நாட்டின் கான்சு மாகாணத்தில் 2021-ஆம் ஆண்டு மே 22-ஆம் தேதி 100 கிலோமீட்டர் மலையோட்டம் ஒன்று நடைபெற்றது. 172 பேர் ஓடினர். காற்று பலக்கும் என்ற எச்சரிக்கை இருந்தும் பந்தயத்தைத் தொடங்கினர். உயரமான பகுதியில் கடுங்காற்றும் குளிர்மழையும் ஆலங்கட்டியும் ஒருங்கே தாக்கின. பலர் மெல்லிய சட்டையும் அரைக்காற்சட்டையுமே அணிந்திருந்தனர். வண்டி செல்ல அங்கே வழியில்லை. 21 பேர் மாண்டனர். உடற்சூடு குறைந்ததே முக்கியக் காரணம். ஆறு பேரைக் காப்பாற்றியவர் யார் தெரியுமா? ஆடு மேய்க்கும் ஒருவர். தாம் ஒதுங்கியிருந்த குகைக்குள் அவர்களைச் சேர்த்து, தீ மூட்டிக் காத்தார்.

மலையை அறிந்தவர் மலையில் வாழ்பவரே. அவரைக் கலந்துகொள்ளாமல் காகிதத்தில் பாதை வரைவது, வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்று பாராமல் நாற்று விடுவது போன்றது.

நம் பக்கத்திலும் துயரம் நேர்ந்ததுண்டு. 2018 மார்ச்சு 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவி, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். காய்ந்த புல்லில் பற்றிய தீ சரிவில் மேல்நோக்கி விரைந்து ஏறும்; மனிதன் அதை முந்த இயலாது. அவ்வாண்டே தமிழ்நாடு அரசு மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்தது. ஆகவே வனத்துறையின் அனுமதி கைக்கு வருமுன் ஒரு துண்டு விளம்பரங்கூட அச்சிடலாகாது.

எந்த மாதத்தில் நடத்துவது? ஐப்பசி, கார்த்திகையில் வழுக்கல். மாசிக்குப் பின் தீ அபாயம். எஞ்சுவது தை மாதம். நமக்கோ அது சம்பா அறுவடை! களத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகள் மலைக்குப் போவதா என்று நீங்கள் கேட்பது நியாயமே. அறுவடை முடிந்த வீட்டார் மட்டும் செல்லட்டும் என்பது நம் அபிப்பிராயம். கூட்டம் குறைந்தால் பாதைக்கும் நல்லதுதான்.

ஆள் எண்ணிக்கையைப் பற்றி ஓர் அனுபவம். முன்பு வேறோர் ஊரில் சாலை ஓட்டம் நடத்தியபோது, முடிவில் ஒருவரைக் காணோம். வாய்க்கால், குளம் எல்லாம் தேடினோம். இருட்டிய பிறகே, அவர் பாதி வழியில் களைத்துப் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார் என்று தெரிந்தது. அன்று சிரித்தோம். மலையில் அப்படிச் சிரிக்க முடியாது. ஒவ்வொரு தங்குமிடத்திலும் எண் குறிக்க ஒருவர், கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் நடந்து வர இருவர், பந்தயத்தை எந்நேரமும் நிறுத்தும் அதிகாரமுள்ள ஒருவர் அவசியம் வேண்டும். அந்த ஒருவர் பரிசு கொடுக்க வந்த பிரமுகராக இருத்தல் ஆகாது.

மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறும். ஓடுகிறவர்கள் வளைவைக் குறுக்கே வெட்டி இறங்கினால் புல் சிதைந்து, அடுத்த மழையில் அந்தத் தடமே ஓடையாகி மண்ணை அரிக்கும். இதில் நமக்கென்ன என்று எண்ணவேண்டாம். குடகு மலையில் பிறக்கும் காவிரி நீரே அரசலாறு வழியாக நம் வயலுக்கு வருகிறது. 2007-இல் நடுவர் மன்றம் நமக்கு ஒதுக்கிய 7 டி.எம்.சி. நீரும் மலைக்காடு தேக்கித் தந்தால்தான் கிட்டும். எனவே வளைவை வெட்டியவர் பந்தயத்திலிருந்து விலக்கப்பட வேண்டும். வழி காட்ட மரத்தில் ஆணி அடித்தல் கூடாது. துணிப்பட்டை கட்டி, கடைசியில் வருகிற இருவர் அவிழ்த்து வரட்டும். தண்ணீருக்குப் பிளாஸ்டிக் புட்டி வேண்டாம். அவரவர் குவளை போதும்.

சங்கத்தாரின் மனு நம் மேஜைமேல்தான் இருக்கிறது. மலைக் கிராமத்தாரோடு ஒருமுறை பாதை முழுவதையும் நடந்து பார்த்து, வனத்துறைக் கடிதத்துடன் அவர்கள் வரட்டும். அன்றே கையொப்பமிடுவோம்.