‘அழுதேன்’ என்னும் சொல்லுக்குப் பால் இல்லை



‘அழுகிற ஆணையும் சிரிக்கிற பெண்ணையும் நம்பாதே’ என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டமொன்றின் லயத்தில் வளர்ந்த நான், எழுத்தறியும் முன்பே இதனை அறிந்தேன். ஆண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்னும் இத்தகைய கருத்துகள் ஆணுக்கே இழைக்கும் தீங்கைப் பற்றி இன்று பேச விழைகிறேன்.

ஜப்பானியர் ஆட்சியில், 1942-43ஆம் ஆண்டுகளில், சயாமையும் பர்மாவையும் இணைக்க ஏறத்தாழ 415 கிலோமீட்டர் ரயில்பாதை அமைக்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களைக் கொன்று குவித்தன. மீண்டு வந்தவர்களுள் என் பெரியப்பாவும் ஒருவர். விடியுமுன் பெரட்டுக்குச் செல்வார்; பால்மரம் வெட்டுவார்; மாலையில் கள்ளுக்கடையிலிருந்து திரும்பி வாசலில் அமர்ந்திருப்பார். சயாமைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. ‘ஆம்பளை, தாங்கிக்கிட்டார்’ என்று தோட்டமே மெச்சியது. இரவில் அவர் அலறி எழுவதைப் பெரியம்மா மட்டுமே அறிவார். அவரிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை; நானும் கேட்கவில்லை.

‘உத்தியோகம் புருஷ லட்சணம்’ என்பது மற்றொரு பழமொழி. தோட்டத்தில் பெண்களும் ஆண்களைப் போலவே நிரையில் நின்று பால் வெட்டினார்கள். ஆகவே அங்கு அப்பழமொழி என்றுமே மெய்யாக இருந்ததில்லை. ஆயினும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வேலை பறிபோனபோது, ஈப்போவின் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்த ஆண்கள் பலர், சம்பளத்தோடு தம் மதிப்பும் போயிற்று என்றே எண்ணினர்.

இவை நம் மரபு அல்லவா எனச் சிலர் வினவலாம். தொல்காப்பியம் பெருமையையும் உரனையும் ஆணுக்கு உரியவையாகச் சொல்கிறது. அதனை மறைக்க வேண்டியதில்லை. அந்நூலே மெய்ப்பாடுகள் எட்டனுள் அழுகையையும் ஒன்றாக வைக்கிறது. அதனைப் பெண்ணுக்கு மட்டும் உரியதாக்கவில்லை. பாரியை இழந்த கபிலரின் கையறுநிலைப் பாடல்களைப் புறநானூறு பேணி வைத்திருக்கிறது. வள்ளுவர் ஆளும் ‘தாளாண்மை’ முயற்சியையும், ‘வேளாண்மை’ பிறர்க்கு உதவுதலையும் குறிக்கின்றன. அச்சொற்களில் உள்ள ‘ஆண்மை’ ‘ஆள்’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தது, ஆண்பாலைச் சுட்டுவதன்று.

தீங்கு சிறிதன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019இல் தற்கொலையால் இறந்தோர் இலட்சம் ஆண்களுக்கு 12.6 பேர், இலட்சம் பெண்களுக்கு 5.4 பேர். காரணங்கள் பல, துயரைச் சொல்லத் தடைப்படுதல் அவற்றுள் ஒன்று. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை மலேசியா 2023இல் நீக்கியது. உதவி நாடுவோர் தண்டனைக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஊரார் ஏளனத்துக்கு இன்னும் அஞ்சுகிறார்கள்.

இலக்கணம் கற்பிப்போர்க்கு ஒன்று நினைவூட்டுகிறேன். ‘அழுதான்’, ‘அழுதாள்’ என ஆண்பால், பெண்பால் வேறுபாடு தோன்றுவது படர்க்கையில்தான். ‘அழுதேன்’ என்னும் தன்மைக்கும், ‘அழுதாய்’ என்னும் முன்னிலைக்கும் அவ்வேறுபாடு இல்லை. ஒருவரைப் பற்றிப் பிறர் பேசும்போதே ஆண், பெண் என்னும் குறி வினையில் ஏறுகிறது. அவரே பேசும்போதும், அவரோடு நாம் பேசும்போதும் அது இல்லை.

ஆதலின் ஆசிரியர்களே, வகுப்பில் ஒரு மாணவன் கண்கலங்கினால், ‘பெண்பிள்ளைபோல் அழாதே’ என்னாதீர்கள். அருகில் அமர்ந்து, ‘என்ன நடந்தது தம்பி?’ என்று கேளுங்கள். அவன் தன் வாயால் சொல்லட்டும். என் பெரியப்பாவிடம் நாங்கள் கேட்கத் தவறிய கேள்வி அது.