மிச்சமான நேரம் யாருக்கு?



சென்னைப் பெருங்குடிக்கு மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். கிழக்கே பக்கிங்காம் கால்வாய். விறகும் உப்பும் படகேறிப் பட்டணத்துக்குப் போன வழி அது. 1876–78 பெரும் பஞ்சத்தில், பசித்து வந்தவர்களுக்குக் கூலி கொடுத்து, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியை வெட்ட வைத்தார்கள். ரயிலும் லாரியும் வந்தன, படகுகள் போய்விட்டன. 2000-இல் பக்கத்துத் தரமணியில் டைடல் பார்க் என்ற ஐடி வளாகம் திறந்தது. இன்று பழைய மகாபலிபுரம் சாலையான ஓ.எம்.ஆரில் நள்ளிரவு தாண்டியும் மாடி மாடியாக விளக்கு எரிகிறது.

புதிய இயந்திரம் வரும்போதெல்லாம் வேலை சீக்கிரம் முடியும் என்கிறோம், முடியவும் செய்கிறது. மிச்சமாகும் நேரம் யார் கைக்குப் போகிறது? இன்று பட்டம் பெறும் உங்களிடம் நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

நம் ஊரில் இந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர்கள் பெரம்பூர் பி அண்டு சி துணி ஆலைத் தொழிலாளர்கள். சங்கு ஊதினால் உள்ளே போக வேண்டும், அடுத்த சங்கு வரை தறியை விட்டு நகர முடியாது. மதியச் சாப்பாட்டுக்குக் கிடைத்தது அரை மணி நேரம். கை கழுவி, தூக்குச் சட்டியைத் திறந்து, நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். ஆலைக்கு அருகில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரிடமும் இராமானுஜுலு நாயுடுவிடமும் இந்தக் குறையைச் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொண்டார்கள். அந்தக் கடைப்பேச்சிலிருந்து வளர்ந்ததுதான் 1918 ஏப்ரல் 27-இல் பி.பி. வாடியா தலைமையில் அமைந்த சென்னைத் தொழிலாளர் சங்கம். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாறு அதைச் சொல்கிறது. திரு.வி.க. அதன் குரலாக நின்றார். சாப்பிட இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும் என்பது அவர்கள் முன்வைத்த முதல் கோரிக்கைகளில் ஒன்று. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு 1946-இல் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தில் வந்து சேர 28 ஆண்டுகள் ஆயின.

வீட்டுக்குள்ளும் இதே கணக்குதான். ஆட்டுக்கல்லில் ஒரு கையால் குழவியைச் சுற்றி, மறு கையால் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்த என் அம்மாவின் தோள்வலி, கிரைண்டர் வந்ததும் குறைந்தது. அதற்காக, கிரைண்டர் செய்த கோயம்புத்தூர்ப் பட்டறைக்காரர்களுக்கு நான் என்றும் நன்றி சொல்வேன். ஆனால் அரிசி ஊறப்போட, கல்லைக் கழுவ, மாவு பொங்கி வழியாமல் பார்த்துக்கொள்ள, வீட்டில் வேறு யாரும் முன்வரவில்லை. வாரம் ஒருநாள் இட்லி என்பது தினம் காலை டிபன் என்று ஆனது. அம்மாவுக்கு மிச்சமான நேரத்தை நாங்களே சாப்பிட்டுவிட்டோம்.

கடைகளிலும் இதே கதைதான். தி.நகர் ரங்கநாதன் தெருக் கடைகளில் நாள் முழுக்க நின்றே துணி எடுத்துப் போட்ட பெண்களுக்கு, உட்கார ஒரு இருக்கை தர வேண்டும் என்று தமிழகத்தில் சட்டம் வந்தது 2021-இல். குளிர்சாதனமும் கணினி ரசீதும் எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கடைகளுக்கு வந்துவிட்டன. ஒரு ஸ்டூலுக்குச் சட்டம் தேவைப்பட்டது!

போராடிப் பெற்ற வேலை நேர வரம்பும் உறுதியானதல்ல. 2023 ஏப்ரலில், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் தரும் சட்டத்திருத்தம் நம் பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார்.

உங்களில் பலர் ஐடி வேலைக்குப் போவீர்கள். ஐடி ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று 2016-இலேயே தமிழக அரசு தெளிவுபடுத்திவிட்டது. வேலைக்கான கடிதம் கைக்கு வந்ததும் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். வேலை நேரம் என்ன, இரவுப் பணிக்கு என்ன ஏற்பாடு, விடுப்பு எத்தனை நாள் என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

வேறு சிலர் வாடகை வண்டிக்கும் உணவு டெலிவரிக்கும் செயலி எழுதப் போகிறீர்கள். ஒரு பொட்டலம் எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும் என்பது உங்கள் நிரலில் ஒரு எண். அந்த எண்ணை முடிவு செய்வதற்கு முன், ஐப்பசி மழையில் ஒரு மாலை துரைப்பாக்கம் வரை பைக்கில் போய் வாருங்கள். சாலையில் தேங்கிய தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் டெலிவரித் தம்பியிடம், இந்தத் தூரத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள். அவர் சொல்லும் நேரத்தை எழுதுங்கள்.